நோயாளி உள்ள வீடு இடம் மாறும்போது

தை பிறந்தால் வீடு மாற்றும் காலமும் பிறக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச நம் குடும்பங்கள் விரும்புவதில்லை. ஆகவே தையிலும் ஆவணியிலும், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டிய மே மாதத்திலும், குட்டியானை வண்டிகளுக்குக் கிராக்கி மிகுதி. அம்மாதங்களில் எங்கள் முதியோர் நலப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். பரிசோதனை முடிந்து, மருந்துச் சீட்டையும் பெற்றுக்கொண்டு, கதவருகே சென்றபின் மகனோ மருமகளோ திரும்பி நின்று கேட்பார்: "அடுத்த வாரம் வீடு மாறுகிறோம் டாக்டர். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாதே?"

கதவருகே நின்று கேட்கப்படும் இக்கேள்வி, நாற்காலியில் அமர்ந்தவுடன் முதலில் கேட்கப்பட வேண்டியது. 1967ஆம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனிதரைப் பாதிக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் அளித்தனர். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100, திருமணத்துக்கு 50, குடியிருப்பு மாற்றத்துக்கு 20. இந்த 20 என்பது நலமாக இருப்பவரின் கணக்கு என்றே நான் கருதுகிறேன். எழுபத்தைந்து வயதில், கண் மங்கி, நாளொன்றுக்கு ஒன்பது மாத்திரைகள் விழுங்கும் ஒருவர், இருட்டிலும் கை தானாகச் சென்று தொடும் மின்விசைப் பொத்தானை நம்பியே இரவில் எழுந்து நடக்கிறார். வீடு மாறும்போது அந்தப் பொத்தான் அவருக்கு இல்லாமற் போகிறது. சாமான்கள் உடையாமல் சென்று சேர்வதைப் பற்றி வீட்டார் கவலைப்படுவது இயல்பு. நோயாளியின் அன்றாடம் உடையாமல் சென்று சேர்வதற்கும் அதே அளவு திட்டம் வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

வீடு பார்க்கும்போதே

வாடகை, தண்ணீர், பள்ளியின் தொலைவு ஆகியவற்றை எல்லோரும் விசாரிக்கிறார்கள். நோயாளி உள்ள குடும்பம் ஓர் அளவுநாடாவையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 65 செ.மீ. நம் அடுக்ககங்கள் பலவற்றில் குளியலறைக் கதவின் அகலமோ அதைவிடச் சற்றே கூடுதல் அல்லது குறைவு. கூடம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும், நாற்காலி குளியலறைக்குள் நுழையாவிட்டால் அந்த வீட்டால் பயனில்லை. அக்கதவு உட்புறம் திறப்பதா வெளிப்புறம் திறப்பதா என்பதையும் பாருங்கள். உட்புறம் திறக்கும் கதவின் பின்னே ஒருவர் விழுந்து கிடந்தால், வெளியிலிருந்து தள்ளித் திறக்க இயலாது. கதவைத் திருப்பிப் பொருத்த வீட்டு உரிமையாளர் உடன்படாவிட்டால், உள்தாழ்ப்பாளையாவது கழற்றிவிடலாம்.

கழிவறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தத் துளையிட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதற்கு ஒப்புதல் கேளுங்கள். கொடுத்த பின் கேட்டால் "டைல்ஸ் உடைந்துவிடும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாகக் கருத வேண்டாம். ஓர் ஆளின் எடையை அது தாங்காது; பிடித்தவரோடு சேர்ந்து கீழே வரும். மின்தூக்கி இருக்கிறது என்று சொல்லப்பட்டால், அதற்குள் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று பாருங்கள். சிறிய அடுக்ககங்களில் பெரும்பாலும் நுழையாது. அப்போது படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு நாற்காலியை இருவர் பிடித்து இறக்க முடியுமா என்பதே முக்கியமாகிறது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கும் குடும்பத்தில் வரிசை தலைகீழாக மாற வேண்டும். முதலில் புதிய ஊரிலோ புதிய பகுதியிலோ டயாலிசிஸ் மையத்தில் இடம் உறுதியாக வேண்டும். அதன் பிறகே வீடு. வாரம் மூன்று முறை, குறித்த நேரத்தில், ஓர் இயந்திரம் உங்களுக்காகக் காத்திருப்பது எளிதில் கிடைப்பதன்று. "வந்து பாருங்கள், ஏற்பாடு செய்யலாம்" என்ற பதிலை உறுதிமொழியாகக் கொள்ளாதீர்கள். கிழமையும் நேரமும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளின் அண்மைக்கால முடிவுகள், உலர் எடை, கடந்த சில அமர்வுகளின் பதிவேடு ஆகியவற்றைப் புதிய மையம் கேட்கும். இவற்றைப் பழைய மையத்திலிருந்து புறப்படும் வாரத்தில் கேட்காமல், இரு வாரங்களுக்கு முன்பே கேட்டுப் பெறுவது நன்று. வீடு மாறும் நாளை டயாலிசிஸ் முடிந்த மறுநாளாக வைத்துக்கொண்டால் உடல் சற்று இலகுவாக இருக்கும்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் வீடு மாறுவதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். இதய பைபாஸ் சிகிச்சையில் பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் ஆகும். கனமானவற்றைத் தூக்க ஏறத்தாழ 3 மாதங்கள் காத்திருக்க வேண்டும். "நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறேன்" என்று பீரோவின் அருகே வந்து நிற்கும் ஆண்களை இவ்விஷயத்தில் நம்ப முடிவதில்லை. அன்றைய தினம் அவர்களை வீட்டில் வைக்காமலிருப்பதே உத்தமம்.

சொல்வதா, மறைப்பதா?

"சொன்னால் அம்மா மனமுடைந்து போவார். பத்து நாள் சித்தி வீட்டில் இருக்கட்டும். சாமான்களையெல்லாம் அடுக்கிவிட்டு நேராகப் புது வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம்." அன்பினால் செய்யப்படும் ஏற்பாடுதான் இது. ஆயினும் நினைவு தெளிவாக உள்ள ஒருவருக்கு இதைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்து, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவது அவருக்குரிய உரிமை. எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்பதிலும் அவர் சொல் செல்லட்டும். பிறர் கண்ணுக்குப் பழைய சாமானாகத் தெரியும் சாய்வு நாற்காலியும், ஓரம் நசுங்கிய சொம்பும், துளசிமாடத்துத் தொட்டியும் புது வீட்டில் அவருக்குத் தெரிந்த முகங்களாக நிற்கும். புது வீட்டை முன்கூட்டியே இரண்டு மூன்று முறை பகலில் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மறதி நோய் உள்ளவரின் நிலை வேறு. ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால், சொன்ன செய்தி மறந்துபோகும். அது ஏற்படுத்திய கலக்கம் மட்டும் தங்கிவிடும். நாள்தோறும் "எங்கே போகிறோம்?" என்று கேட்டு அவரும் களைத்து, பதில் சொல்பவரும் களைத்துப்போவார். அவருக்கு முதல் நாளோ அன்றைய தினமோ, எளிய சொற்களில் சொன்னால் போதும். பெட்டிகள் கட்டப்படும் காட்சியே அவரை அச்சுறுத்தக்கூடும் என்பதால், அன்று பகற்பொழுதை நெருங்கிய உறவினரோடு வேறிடத்தில் கழிக்கச் செய்து, அவருடைய அறை முழுமையாக ஆயத்தமான பின் அழைத்து வரலாம். அரை நாள் போதும். பத்து நாள் வேறொரு வீட்டில் வைத்துப் பின் புது வீட்டுக்குக் கொண்டுவந்தால், அவரை ஒரு முறைக்கு இரு முறை வீடு மாற்றியதாகவே முடியும்.

மருந்துப் பை வண்டியில் ஏறலாகாது

நோயாளியின் மருந்துகள் சாமான் வண்டியில் போகக் கூடாது; பராமரிப்பவரின் தோளில் போக வேண்டும். அந்தப் பையில் இரு வாரங்களுக்குத் தேவையான மருந்துகள், மருந்துச் சீட்டு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, அண்மைய ஈ.சி.ஜி. மற்றும் இரத்தப் பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு அட்டை, சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவை இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, பல் செட், காது கேட்கும் கருவி, கைத்தடி ஆகியவை பையில்கூட வேண்டாம். அவர் உடம்பிலும் கையிலும் இருக்கட்டும். கண்ணும் காதும் தெளிவாக இல்லாத முதியவர் புதிய இடத்தில் குழம்புவது மிக எளிது.

வலிப்பு நோய்க்கான மருந்து, பார்க்கின்சன் நோய்க்கான மருந்து, நெடுநாளாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றிலும் ஒரு நாள் தவறுவதுகூடத் தீங்கு விளைவிக்கலாம். வலிப்பு உள்ளவருக்கு உறக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும் என்பதால், முந்தைய இரவு விடிய விடியப் பெட்டி கட்டும் வேலையில் அவரைச் சேர்க்காதீர்கள்.

இன்சுலினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை வெளியில் வைத்துக்கொள்ளலாம். வீடு மாறும்போது குளிர்சாதனப் பெட்டி காலையில் அணைக்கப்பட்டு, வண்டியில் சாய்ந்தும் குலுங்கியும் வந்து, புது வீட்டிலும் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பின்னரே இயக்கப்படும். அந்த இடைவெளியில் இன்சுலினுக்கு இடம் வேண்டும். அகன்ற வாயுள்ள ஃபிளாஸ்கில் குளிரூட்டிய பையை வைத்து, இன்சுலினைத் துணியில் சுற்றி, அது பனிக்கட்டியை நேரே தொடாதவாறு வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பின்னர் உருகினாலும் பயன்படாது. வண்டியின் முன்புறக் கண்ணாடியருகே வெயிலில் வைத்த இன்சுலினும் அவ்வாறே. நீண்ட பயணமாயின், நீர் நனைத்த மணலின் மேல் வைத்த சிறு மண்பானை நம் முன்னோர் கையாண்ட நல்ல ஏற்பாடு. மின்சாரம் இல்லாத வீடுகளில் இன்றும் அது உதவுகிறது.

பால் காய்ச்சும் காலை

நல்ல நேரம் பெரும்பாலும் விடியற்காலையில் அமைகிறது. நாலரை மணிக்கு எழுந்து குளித்து, பால் பொங்கி, பூசை முடிந்து, சிற்றுண்டி வர ஒன்பது மணியாகிவிடும். வழக்கம்போல் ஆறரை மணிக்கு இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டவருக்கு, அந்த இடைவெளியில் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். ஆகவே அன்றைக்கு மருந்தும் உணவும் ஒன்றாகவே முன்னுக்கோ பின்னுக்கோ நகர வேண்டும். எப்படி என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்னமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரை அளவைப் பாருங்கள். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு ஹோமப் புகையும், புதிய பெயின்ட் வாடையும், பரணைத் துடைக்கும்போது கிளம்பும் தூசியும் ஒரே நாளில் சேர்ந்து வருவது நல்லதல்ல. பெயின்ட் அடித்த பின் சன்னல்களைத் திறந்துவைத்துச் சில நாட்கள் விட்டபின் குடிபுகுங்கள். வீட்டில் ஆக்சிஜன் பெறுபவராயின், விளக்கும் கற்பூரமும் அடுப்பும் எரியும் இடத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். சடங்கு முடிந்து எல்லாம் அணைந்தபின் அவர் உள்ளே வருவதே பாதுகாப்பு. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைச் சாய்க்காமல் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். அது வந்து சேர்ந்து இயங்கத் தொடங்கும்வரை சிலிண்டர் உடனிருக்க வேண்டும். புது வீட்டின் மின் இணைப்பையும், மின்தடையின்போது மாற்று ஏற்பாட்டையும் முன்னாளே சரிபாருங்கள்.

சாமான் ஏற்றும் தொழிலாளர்களுக்கு வாங்கும் இளநீரில் ஒன்றை நோயாளிக்கும் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும் என்பதால் அவருக்கு மட்டும் வேண்டாம்.

ஒருவரை, ஒரே ஒருவரை, அன்று முழுதும் நோயாளியோடு இருப்பதற்கென்றே நியமியுங்கள். அவருக்குப் பெட்டி எண்ணும் வேலையோ, ஆட்களுக்குக் கூலி கொடுக்கும் வேலையோ இருக்கக் கூடாது. வழக்கமாக மருமகளோ மனைவியோ இவை அனைத்தையும் சேர்த்துச் செய்து, தம் சொந்த இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுகிறார்கள்.

முதல் சில இரவுகள்

புது வீட்டில் முதலில் ஆயத்தமாக வேண்டியது பூசையறையும் சமையலறையும் மட்டுமல்ல. நோயாளியின் படுக்கையும் அதிலிருந்து கழிவறை வரையிலான வழியும்தான். பழைய வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கமாக இறங்குவாரோ அதே பக்கமாக இறங்கும்படியும், கழிவறை இடப்புறம் இருந்திருந்தால் இயன்றவரை இடப்புறமே அமையும்படியும் கட்டிலைப் போடுங்கள். பழைய தலையணை, பழைய போர்வை. வழியில் பெட்டிகளோ மின்கம்பியோ கால்மிதியோ வேண்டாம். இரவு விளக்கு எரியட்டும். முதல் வாரம் யாரேனும் ஒருவர் அதே அறையில் படுப்பது நல்லது. இடுப்பெலும்பு முறிவோடு வரும் முதியோர் பலர் இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது விழுந்தவர்களே.

இனி, இக்கட்டுரையில் நான் மிக முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். சர்க்கரை நோயும் சிறுநீரகப் பலவீனமும் உள்ள, எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாளிதழை வரி விடாமல் படிப்பவர். வீடு மாறிய மூன்றாம் நாள் விடியற்காலையில் மகளைத் தம் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். பகலில் சற்றுத் தெளிந்தார். மாலையில் மீண்டும் பிதற்றினார். "புது வீடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று குடும்பத்தார் எண்ணினர். வாஸ்து சரியில்லை என்றார் ஓர் உறவினர். சமையலறை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்னும் விவாதத்திலேயே இரண்டு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் காலை எழுப்ப இயலாத நிலையில் அழைத்து வரப்பட்டபோது அவருடைய இரத்தச் சர்க்கரை 41 மில்லிகிராம்.

காரணம் வீட்டிலோ மூலையிலோ இல்லை. அலமாரியைக் காலி செய்தபோது பழைய மாத்திரை அட்டைகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்திருக்கிறது. அது ஒரு பெட்டியிலும், நடப்பு மருந்துகள் வேறொரு பையிலும் புது வீட்டுக்கு வந்தன. காலையில் மகள் பையிலிருந்து கொடுத்தார். இரவில் மனைவி டப்பாவிலிருந்து கொடுத்தார். இரண்டும் கிளிமிபிரைடு என்னும் ஒரே மருந்து. நிறுவனம் வேறு, அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு. சிறுநீரகம் பலவீனமாயிருந்ததால் மருந்தின் விளைவு நீண்டது. இரு நாட்கள் குளுகோஸ் ஏற்றிக் கண்காணித்தோம். மூன்றாம் நாள் நாளிதழ் கேட்டார்.

முதியவருக்கு ஓரிரு நாட்களுக்குள் திடீரெனத் தோன்றி, கூடியும் குறைந்தும் வரும் மனக்குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். இட மாற்றமும் அதற்கு ஒரு தூண்டுதல் என்பது உண்மையே. ஆனால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைதல், சர்க்கரை தாழ்தல், நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைத்தல், மலச்சிக்கல், மருந்து விடுபடுதல், மருந்து இரட்டித்தல் ஆகிய எதுவும் காரணமாயிருக்கலாம். பரிசோதித்துப் பாராமல் வீட்டின் மேல் பழியைப் போட இயலாது. பிதற்றுபவர் மட்டுமல்ல, வழக்கத்துக்கு மாறாக ஓசையின்றித் தூங்கிக்கொண்டே இருப்பவரும் இந்நிலையில் இருக்கலாம். அப்படி எவரேனும் மாறினால் அன்றைக்கே அழைத்து வாருங்கள். பழைய வீட்டைக் காலி செய்யும்போது கிடைக்கும் மாத்திரை அட்டைகளை, நடப்புச் சீட்டில் இல்லாதவை எனில், புது வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். மருந்து கொடுப்பவர் முதல் மாதம் ஒருவராகவே இருக்கட்டும்.

மறதி நோய் உள்ளவர் புது வீட்டில் அமர்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகலாம் வா" என்று கேட்பார். இதுதான் வீடு என்று வாதிட்டுப் பயனில்லை. "காபி குடித்துவிட்டுப் போகலாம்" என்று பேச்சைத் திருப்பிக் கையைப் பிடித்துக்கொள்வது வாதத்தைவிட உதவும். முதல் மாதத்தில் அவர் வெளியேறி வழிதவறும் வாய்ப்பு மிகுதி. சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டையும், பக்கத்து வீட்டாரிடமும் காவலாளியிடமும் ஒரு சொல்லும் தேவை.

முகவரி

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதிலிருந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பலர் வீட்டிலேயே மருந்து பெறுகிறார்கள். வீடு மாறினால் மருந்து தானாகத் தேடி வராது. பழைய பகுதியின் தன்னார்வலரிடம் தெரிவித்து, புதிய பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். காசநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் நிக்ஷய் எண்ணைக் கையில் வைத்திருந்தால் நாட்டின் எப்பகுதியிலும் சிகிச்சையைத் தொடரலாம். ஒரு நாளும் விடுபடாதிருக்க, புறப்படும் முன் உங்கள் மையத்தில் சொல்லுங்கள்.

புது வீட்டின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி வைக்கும் இடத்தருகே ஒட்டிவையுங்கள். அவசர வேளையில் 108இல் பேசுபவர் வீட்டுப் பணிப்பெண்ணாகவோ பேரக்குழந்தையாகவோ இருக்கலாம். சென்னையில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் உண்டு, இரண்டையும் எழுதுங்கள். தளத்தின் எண்ணும், அருகிலுள்ள கோயில், பள்ளி, கடை போன்றதோர் அடையாளமும் அதில் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதே முகவரியைப் பதிவுப் பிரிவிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.